‘இன்னா’வுக்கும் இலக்கணம் உண்டு: மொழியியல் முதுகலையில் என்ன படிக்கிறார்கள்?

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது. “அக்கா, எம்.ஏ. மொழியியல் சேரலாம்னு இருக்கேன். அதுக்கு எத்தனை பாஷை தெரிஞ்சிருக்கணும்?” என்று கேட்டாள். கூட வந்த அவள் அப்பாவுக்கு வேறு சந்தேகம்: “தமிழ் எம்.ஏ.வும் இதுவும் ஒண்ணுதானேம்மா?”

நான் அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டு கேள்வியும் என்னைத் தொடர்ந்து வருகின்றன. அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘நவீன மொழிகள்’ என்ற பெயரில் நடக்கும் முதுகலைப் படிப்பு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ் போன்ற ஒரு மொழியை எடுத்துக்கொண்டு, அதில் பேச, எழுத, மொழிபெயர்க்க, அதன் இலக்கியத்தைப் படிக்கச் சொல்லித்தருவது. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்ளூவும் டெல்லி ஜே.என்.யு.வும் இதற்குப் பேர்போனவை. அந்த மொழியை இளங்கலையிலேயே ஓரளவு படித்து வந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். தமிழ் எம்.ஏ. என்பது தமிழின் இலக்கியத்தையும் இலக்கணத்தையும் ஆழமாகப் படிப்பது. மொழியியலோ எந்த ஒரு மொழியையும் சொந்தம் கொண்டாடாது. மனிதர்கள் பேசுகிறார்களே, அது எப்படி நடக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. மருத்துவம் படிப்பவருக்கு உடம்பு எப்படியோ, மொழியியல் படிப்பவருக்குப் பேச்சு அப்படி. பத்து மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாய்மொழியைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போதும், ஆனால் அதுதான் கஷ்டம்.

அந்தப் பெண்ணை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலுக்குக் கூட்டிப்போனேன். வேலூர்க்காரர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள் அங்கே ஏராளம். காந்தி ரோட்டுப் பக்கம் போர்டுகளில் தமிழுக்கு அருகிலேயே வங்காள எழுத்து இருக்கும். ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன், தமிழ் தவிர வேறெதையும் பள்ளியில் படிக்காதவர், ஒரு வயதான அம்மாவிடம் “கோதாய் ஜாபென்?” என்று கேட்டார். எங்கே போகிறீர்கள் என்று பொருள். ‘ஜாபென்’ என்பதில் வரும் ‘ப’வை, ‘தம்பி’யில் சொல்கிற மாதிரி மெலிதாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பாருங்கள். நான் போவேன் என்பதற்கு வங்காளத்தில் ‘ஜாபோ’. அவன் போவான் ‘ஜாபே’. பெரியவர்களை மரியாதையாகச் சொன்னால் ‘ஜாபென்’. ‘ஜா’ என்பது போவதைக் குறிக்கிறது. ‘ப்’ எதிர்காலத்தைக் காட்டுகிறது. கடைசித் துண்டு யார் என்று சொல்கிறது. இப்போது தமிழுக்கு வாருங்கள்: போ-வ்-ஏன், போ-வ்-ஆன், போ-வ்-ஆங்க. அதே மூன்று துண்டுகள், அதே வரிசை. இந்தத் துண்டுகளுக்கு மொழியியலில் உருபன் என்று பெயர். பொருள் தரக்கூடிய மிகச் சிறிய அலகு அது. ஆட்டோ அண்ணனுக்கு உருபன் என்ற சொல் தெரியாது. ஆனால் குழந்தையைப் பார்த்தால் ஒரு முடிவு, பெரியவரைப் பார்த்தால் இன்னொரு முடிவு என்று பிசகாமல் மாற்றுகிறார். தெரிந்திருக்கிறது, ஆனால் தெரிந்திருப்பது தெரியாது. அந்த மறைந்த அறிவை வெளியே எடுத்து வைப்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.

அவள் கணக்கு படித்தவள் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டாள். “அக்கா, தமிழ்லயும் எதிர்காலத்துக்கு ப், வ் தானே வருது? ‘காண்பேன்’ல அதே சத்தம்கூட வருதே. அப்போ வங்காளமும் தமிழும் சொந்தமா?”

கேட்க வேண்டிய கேள்விதான். விடை: இல்லை. வங்காள எதிர்காலத்தின் ‘ப்’, சமஸ்கிருதத்தில் ‘செய்யத்தக்கது’ என்ற பொருள் தரும் ‘தவ்ய’ என்ற ஈற்றிலிருந்து தேய்ந்து வந்தது. சுனீதி குமார் சாட்டர்ஜி 1926-ல் வெளியிட்ட வங்காள மொழி வரலாற்று நூலில் இந்தப் பாதையைக் காணலாம். தமிழின் ப், வ் பழந்தமிழிலேயே தமிழுக்குச் சொந்தமாக இருந்தவை. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல். முகநூலில் தினமும் யாராவது ஒருவர், ஏதோ ஒரு தூரதேசத்து மொழியில் நான்கு சொல்லை எடுத்து ‘இது தமிழ்தான்’ என்று எழுதுகிறார். தமிழ் மீதுள்ள பாசத்தில்தான் எழுதுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள், வாயில் எழும் ஒலிகளோ கைவிட்டு எண்ணக்கூடியவை. மோதல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட சாட்சி தேவையே இல்லை.

அப்படியென்றால் உறவை எப்படி நிரூபிப்பது? அவள் வீட்டிலேயே விடை இருக்கிறது. தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. தமிழில் புலி, தெலுங்கிலும் புலி, கன்னடத்தில் ஹுலி. பத்து என்பது தெலுங்கில் பதி, கன்னடத்தில் ஹத்து. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். தமிழிலும் தெலுங்கிலும் ‘ப’ வருகிற இடத்தில் கன்னடம் வரிசையாக ‘ஹ’ போடுகிறதே, அங்கேதான் விதி தலைகாட்டுகிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ‘ப’வாகவே இருந்தது பின்னால் ‘ஹ’வானது என்பதையும் காட்ட முடியும். இன்னொரு வரிசை: தமிழ் செவி, தெலுங்கு செவி, கன்னடம் கிவி. தமிழ் செடி, தெலுங்கு செட்டு, கன்னடம் கிட. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் பழைய ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாக நெகிழ்ந்தது, கன்னடம் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆக ஒரு சொத்தில் மூத்ததை ஒருவரும், இன்னொன்றில் மூத்ததை வேறொருவரும் வைத்திருக்கிறார்கள். ஒரு மொழி மட்டுமே எல்லாவற்றிலும் பழையது என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

காது, கை, நீர், இரண்டு, மூன்று என்று அடிப்படைச் சொற்களைத்தான் முதலில் ஒப்பிடுவார்கள். ஏனென்றால் இவற்றைக் கடன் வாங்குவது குறைவு. ‘நாஷ்டா’, ‘பேஜார்’ இரண்டும் பாரசீகத்தில் தொடங்கி உருது வழியாக நம் வாய்க்கு வந்தவை. ஆற்காடு நவாபுகள் ஆண்ட மண்ணில் இப்படிப்பட்ட சொற்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை. ஆற்காட்டு மக்கன் பேடாவில் மக்கன் என்றால் உருதுவில் வெண்ணெய். பலகாரத்தின் பேரை வாங்கலாம், ஆனால் காதுக்குப் பேரை யாரும் லேசில் மாற்றுவதில்லை.

தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்பதை முதலில் அச்சில் எடுத்து வைத்தவர் சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், 1816-ல், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு 40 ஆண்டு கழித்து 1856-ல் வந்தது. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-ல் வந்து, 1984-ல் திருத்தப்பட்டது. இன்றைக்கு அதைக் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். எனக்கு அலுக்காத விளையாட்டு அது.

சரி, ஒலிக்கு வருவோம். முதல் பருவத்தில் எல்லோரையும் திணறடிப்பது ஒலியன் என்ற கருத்து. இதைப் பொறுமையாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘கல்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘தங்கம்’. பிறகு ‘பகல்’. மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம்தான். ஆனால் ‘கல்’லின் தொடக்கத்தில் விரலில் அதிர்வு இல்லை. ‘தங்க’த்தில் அதிர்கிறது. ‘பகல்’ என்பதில் காற்று முழுக்க அடைபடாமல் ‘ஹ’ மாதிரி உரசிப்போகிறது. வாய் மூன்று ஒலியை எழுப்புகிறது, மனம் ஒன்றாகவே கணக்கு வைக்கிறது. ஏனென்றால் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவுசெய்கிறது: சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவில் ஒன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து பொருளை மாற்றுவதில்லை. மனம் ஒன்றாக எண்ணும் அந்த அலகுதான் ஒலியன். வாயில் வரும் மூன்றும் அதன் மாற்றொலிகள்.

இப்போது பஸ் ஏறி ஆம்பூரில் இறங்குங்கள், அல்லது வாணியம்பாடியில். உருது பேசும் வீட்டில் ‘பல்’ என்று அதிராமல் சொன்னால் நொடி. அதையே தொண்டை அதிரச் சொன்னால் பலம். அதிராமல், ஆனால் மூச்சை வெளியே தள்ளிச் சொன்னால் பழம். ஒரு தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பழம் என்று சொல்லும்போது மட்டும் தாள் படபடக்கும். தமிழ் எழுத்தில் மூன்றுமே ‘பல்’தான், உருது மனதிலோ மூன்றும் வேறு ஒலியன்கள். ஆம்பூர்க்காரர் தமிழும் உருதும் மாற்றி மாற்றிப் பேசும்போது, ஒரே வாய்க்குள் இரண்டு கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நொடிக்கு நொடி மாற்றுகிறார். இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் அந்தச் சிலிர்ப்பு குறையவில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும். ‘ஐயோ பாவம்’ என்பதிலும், நாட்டியத்தில் முகத்தில் காட்டும் ‘பாவம்’ என்பதிலும் முதல் ஒலி வேறாயிற்றே, பொருளும் மாறுகிறதே? ஆமாம், மாறுகிறது. அப்படியானால் இன்றைய பேச்சுத் தமிழில் அதிரும் ப தனி ஒலியனாகிவிட்டதா, இல்லை கடன் சொற்களின் ஓரத்தில் மட்டும் நிற்கிறதா? எங்கள் வகுப்பில் இதற்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம். என் கருத்து, ஆகிவிட்டது என்பதுதான். பேசுகிறவர் நாக்கு பிரித்துக் காட்டும்போது எழுத்து பிரிக்கவில்லையே என்று மறுக்க முடியாது. உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். இந்தத் துறையில் சான்றோடு வந்தால் மாணவரும் பேராசிரியரை மறுக்கலாம்.

இதையெல்லாம் மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் நாவும் இதழும் அண்ணமும் எங்கே பொருந்திப் பிறக்கிறது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. பன்னாட்டு ஒலிப்பியல் சங்கத்தின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறப்பியலைப் படித்துப் பாருங்கள். வழக்கையும் செய்யுளையும் இரண்டையும் ஆராய்ந்துதான் நூல் செய்தார் என்று அதன் பாயிரமே சொல்கிறது. வழக்கு என்றால் மக்கள் பேசுவது. நடுவில் எப்போதோ நாம் வழக்கை மறந்து செய்யுளை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

வாக்கியத்தில் சொற்களை அடுக்கும் முறையைப் படிப்பது தொடரியல். அதற்கும் நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ‘வரேன்னு சொன்னான்’ என்கிறோம். சொன்ன செய்தி முதலில், அதன் வாலில் ‘என்று’, கடைசியில் சொன்னான். டெல்லி இந்தியில் இது தலைகீழ்: ‘அவன் சொன்னான்’ முதலில், பிறகு ‘கி’ என்ற சொல், அதற்குப் பிறகே செய்தி. ஆனால் நம் பக்கத்து தக்னி உருதுவில் ‘ஆதூம் போல்கே போல்யா’ என்பார்கள். ‘போல்கே’ என்பதற்குச் சொல்படி ‘சொல்லி’ என்று பொருள், வேலையோ அப்படியே நம் ‘என்று’வின் வேலை. தெலுங்கின் ‘அனி’யும் இதே இடத்தில் நிற்கும். சொற்கள் வடக்கிலிருந்து வந்தவை, அவற்றை அடுக்கும் முறையோ தெற்கத்தியது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தால், குடும்பம் வேறானாலும் மொழிகள் ஒன்றையொன்று பார்த்து நடை பழகுகின்றன. எமனோ 1956-ல் இந்தியாவையே ஒரு ‘மொழியியல் பரப்பு’ என்று சொன்னது இப்படிப்பட்ட சான்றுகளை வைத்துத்தான். வாணியம்பாடி கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றால் அந்தக் கட்டுரை கண்முன்னே நடக்கும்.

இனி ‘இன்னா’வுக்கு வருகிறேன். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது சமூக மொழியியல்.

வட ஆற்காட்டுப் பேச்சென்றால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கல்லூரி விடுதியில் நான் ‘இன்னா’ என்று சொன்னபோதும் ‘வந்துகினு இருக்கேன்’ என்று சொன்னபோதும் சிரித்தார்கள். ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு, அவர்களைப் போலப் பேசப் பழகினேன். பிறகுதான் அமெரிக்க மொழியியலாளர் லபோவ் செய்த ஆய்வு பாடத்தில் வந்தது. நியூயார்க்கில் பணக்காரர் போகும் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என்று மூன்றில் நுழைந்து, நான்காவது மாடியில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளின் பேரைச் சொல்லி, அது எங்கே என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். அதில் ‘ர’ ஒலிக்கிறதா, விழுங்கப்படுகிறதா என்று குறித்துக்கொள்வார். காது கேட்காதவர் போல இன்னொரு முறை கேட்பார், அப்போது நிதானமாகச் சொல்வார்கள். உயர்ந்த கடையில் ‘ர’ அதிகம், மலிவுக் கடையில் குறைவு. இந்த ஆய்வு 1966-ல் வந்த அவர் நூலில் இருக்கிறது. பேச்சில் தெரியும் வேறுபாடு கண்டபடி வருவதில்லை, சமூகத்தில் நாம் நிற்கும் இடத்தோடு கணக்காகப் பொருந்துகிறது என்று அது காட்டியது.

இதை நம் ஊரில் செய்து பார்க்க எனக்கு ஒரு வழி தோன்றியது. நம் பக்கம் பலர் ழகரத்தை யகரமாகச் சொல்வார்கள், வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். தென்மாவட்டங்களில் அது ளகரமாகும். ஒரே பதிலில் ழகரம் இரண்டு முறை வரவேண்டுமென்றால் என்ன கேட்கலாம்? வியாழக்கிழமை காலை நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய், “அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேட்டேன். காய்கறி விற்ற ஒருவர் “வியாயக்கெயம” என்றார். “என்னண்ணே?” என்று மறுபடி கேட்டேன். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தவர், குரலைச் சரிசெய்துகொண்டு “வியா-ழக்-கிழமை” என்று ஒவ்வொரு ழகரத்தையும் அழுத்திச் சொன்னார். அவருக்கு ழகரம் வராமல் இல்லை. எந்த இடத்தில் எதைப் பேசுவது என்ற அளவு அவரிடம் இருக்கிறது. நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடம் நினைவுக்கு வந்து, மார்க்கெட்டிலேயே கண் கலங்கிவிட்டேன். பிறகு அவரிடம் எதற்காகக் கேட்டேன் என்று சொல்லி, அவர் பேச்சை எழுதிக்கொள்ள அனுமதி வாங்கினேன். இது முக்கியம். ஒருவர் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டுமானால் அவர் சம்மதம் வேண்டும்.

படிப்பின் அமைப்பு பெரும்பாலும் இதுதான்: 2 ஆண்டு, 4 பருவம். ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், வரலாற்று மொழியியல், சமூக மொழியியல், கள ஆய்வு முறை, இப்போது கணினி மொழியியலும். கடைசியில் ஓர் ஆய்வேடு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை இதில் பழம்பெருமை உடையது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. வெளியே போக முடிந்தால் ஹைதராபாத் பல்கலைக்கழகம், இஃப்ளூ, டெல்லி, புனே டெக்கான் கல்லூரி. பல இடங்களில் எந்த இளங்கலையும் போதும். கணக்கும் கணினியும் படித்தவர்கள் தொடரியலில் எங்களை முந்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர க்யூட் என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அப்பாவின் அடுத்த கேள்வி வேலையைப் பற்றியது, நியாயமானது. மறைக்காமல் சொன்னேன்: பொறியியல் போல வளாகத்துக்கே வந்து கூட்டிப்போகும் வேலை இல்லை. நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடமாக இருக்கிறது, அதில் தேறினால் கல்லூரியில் கற்பிக்கத் தகுதி கிடைக்கும், ஜே.ஆர்.எஃப். என்ற மேல் தகுதியும் கிடைத்தால் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கும் போகலாம். 1969-ல் மைசூரில் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தரவு, அகராதித் திட்டங்கள் நடக்கின்றன. கைப்பேசி தமிழைக் கேட்டு எழுதவும், வாசித்துக் காட்டவும் கற்றுக்கொள்வதற்கு, பேச்சைத் துண்டு துண்டாகக் குறித்துத் தரும் ஆட்கள் வேண்டும். அங்கே ‘வந்துகினு’வையும் ‘வந்துக்கிட்டு’வையும் பிரித்தறியும் காதுக்கு மதிப்புண்டு. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மொழியியல் எம்.ஏ. படித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சி சிகிச்சை தர முடியாது. அதற்குத் தனிப் பட்டம், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எல்லாம் வேண்டும். இதில் ஏமாந்தவர்களை அறிவேன்.

சேருமுன் என்ன படிக்கட்டும் என்று கேட்டாள். புத்தகம் எதுவும் இப்போது வேண்டாம் என்றேன். பிராட் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு, ‘கல்’லையும் ‘தங்கம்’ என்பதையும் பதிவுசெய்து அலையாகப் பார்க்கச் சொன்னேன். தொண்டை அதிர்வது, அலைக்குக் கீழே வரும் நிறமாலைப் படத்தின் அடியில் ஒரு கருப்புப் பட்டையாகத் தெரியும். இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பத்து நிமிடம், ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுதிப் பார்க்கச் சொன்னேன். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் ஓர் ஆயா இருக்கிறார், திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு நிற்காது.

நேற்று போன் செய்தாள். அரைப்பக்கம் எழுதியிருக்கிறாளாம். ஆயா சொன்ன முதல் வாக்கியமே இவளைப் பார்த்துக் கேட்டது: “இன்னாடி எய்திகினு கீறே?”

“அக்கா, ழ ‘ய’ ஆயிடுச்சு. ‘கொண்டு’ போய் ‘கினு’ வந்திருக்கு. அதெல்லாம் புரியுது,” என்றாள். “‘இருக்கிறே’ தானே ‘கீறே’ ஆச்சு? ஆனா ‘இருந்தேன்’னு சொல்லும்போது ஆயா ‘இருந்தேன்’னே முழுசாச் சொல்றாங்க. நிகழ்காலத்துல மட்டும் அந்த ‘இரு’ எங்கே போச்சு?”